அழிச்ச வீடியோ

சரவணம்பட்டியில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்க மேனேஜர் சடகோபன் வச்சதுதான் சட்டம். எழுதின புரோகிராம் கோடு பழசு புதுசு எல்லாத்தையும் சேர்த்து வைக்கிற ரெப்போ, ஒருநாள் பூதமா வீங்கிப் போச்சு. கம்ப்யூட்டர்ல இறக்கவே அரைநாள் ஆச்சு.

காண்ட்ராக்ட்ல வந்த வள்ளிமயில் மேலதான் பாய்ஞ்சாரு. "எல்லாம் உன் குப்பை! சாயந்தரத்துக்குள்ள பாதியாக் குறை. கோடுல ஒரு வரி போகக்கூடாது. முடியலன்னா வீட்டுக்குப் போ."

உள்ள இருந்த ஒவ்வொண்ணையும் அவ அளந்து பார்த்தா. சாயந்தரம் எல்லார் முன்னாடியும் சொன்னா:

"சார், மொத்தக் கோடும் கைப்பிடி அளவுதான். மிச்சம் பூரா யாரோ போட்ட கிரகப்பிரவேச வீடியோ."

"பொய்! அதை நான் அன்னிக்கே அழிச்சுட்டேனே!"

எல்லாரும் சடகோபனைத் திரும்பிப் பார்த்தாங்க.

"நீங்க அழிச்சீங்க சார், ரெப்போ மறக்கல"ன்னு கீபோர்டுல ஒரு தட்டு தட்டினா. திரையில பட்டுவேட்டி கட்டின சடகோபன், பசுமாட்டைப் பிடிச்சுக்கிட்டு புது வீட்டுக்குள்ள வந்தாரு. அழிச்சதையும் பத்திரமா வச்சிருந்த அந்த அதிசயத்தை, அத்தனை பேரும் வாய் பிளந்து பார்த்தாங்க.

"இதை மட்டும் எடுத்தாப் போதும். எடுக்கட்டுமா சார்?"

சடகோபன் கையெடுத்துக் கும்பிட்டாரு.

"எடுத்துரு தாயீ."