சதுப்போரத்துக் கற்கள்

கடல் கடந்த கெடாச் சீமையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி வைத்தியலிங்க சாமியின் மடம் இருந்தது. போர் தொடங்கிய முதல் வாரம், ஒரு குண்டுவீச்சு விமானம் எரிந்துகொண்டே வந்து மடத்துக்குப் பின்னால் இருந்த சதுப்பில் விழுந்தது.

உள்ளே மூன்று வெள்ளைக்காரப் பையன்கள். இருவர் இறந்திருந்தார்கள். மூன்றாமவன் சாமியின் மடியில் தலைவைத்துத் தண்ணீர் குடித்தான். நெஞ்சைத் தொட்டு "வில்ஃப்" என்றான். மற்ற இருவரையும் காட்டி "டாம், எரிக்" என்றான். பொழுது சாய்வதற்குள் அவனும் போய்விட்டான். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை.

சாமியும் சீடர் அமிர்தகடேசனும் குழி வெட்டிப் புதைத்தார்கள். சீடர் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், சாமியைவிட மூத்தவர். தலைமாட்டில் மூன்று கற்களை நட்டார்கள்.

சில நாளில் வெள்ளைக்காரர்கள் தோற்றுப் பின்வாங்க, ஊர் எதிரிப் படையின் கைக்குப் போனது. ஓர் அதிகாரி மொழிபெயர்ப்பாளனோடு வந்தான்.

"யார் நட்டது?"

"நான்."

"தோற்றவனுக்குக் கல் கிடையாது."

சிப்பாய்கள் கற்களைப் பிடுங்கிச் சதுப்பில் எறிந்தார்கள். மறுநாள் காலை சாமி சேற்றில் இறங்கித் தேடியெடுத்தார். கழுவினார். நட்டார். மூன்று பெயர்களையும், பாதையில் போன சிப்பாய்களுக்கும் கேட்கும்படி, உரக்கச் சொன்னார்.

மறுபடி பிடுங்கினார்கள். மறுபடி நட்டார். இந்த முறை கற்களைப் பிடுங்கி எறிந்ததோடு, அவரையும் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் தோள் இறங்கிவிட்டது.

பற்றுப் போட்டுக்கொண்டே சீடர் கேட்டார்:

"சாமி, அவர்கள் நம் ஆட்களா?"

"இல்லை."

"நம் தெய்வத்தைக் கும்பிட்டவர்களா?"

"இல்லை."

"ஜெயித்தார்களா?"

"அதுவும் இல்லை. வந்தார்கள், விழுந்தார்கள்."

"நாளை உங்களைச் சுட்டுப்போடுவான். அப்புறம் அந்தப் பெயர்களை யார் சொல்வது?"

விடிந்ததும் சாமி சதுப்புக்கு நடந்தார். ஒற்றைக் கையால் கல் தூக்க வரவில்லை. காலால் உருட்டினார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்ற சீடர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

மூன்றாவது கல்லை நடும்போது லாரிகள் வந்தன. தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் சிப்பாய்கள் ஓட்டிவந்து நிறுத்தினார்கள். அதிகாரியின் முகம் சிவந்திருந்தது. கல்லை எட்டி உதைத்துக் கத்தினான். மொழிபெயர்ப்பாளன் தமிழில் சொன்னான்:

"டாம், எரிக், வில்ஃப்! இந்தப் பெயர்களை இனி எவன் வாயில் கேட்டாலும் சுடுவோம்!"

ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் உதடு அசைந்தது.

சாமி சீடர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீரா? நான் இன்றைக்கு இன்னும் வாயே திறக்கவில்லை."