துணை கிடைக்காத இலை

ஒரு காட்டில் ஆற்றங்கரையை ஒட்டிப் பதினொரு வளைகள் இருந்தன. ஒவ்வொரு வளை வாசலிலும் ஒரு குறி கீறியிருக்கும். எந்தக் குறியுள்ள வளையில் யார் குடியிருக்கிறார்கள் என்று அணில் இலைகளில் எழுதி வைத்திருந்தது. அதற்கு எதையும் விட்டுவிட மனம் வராது.

ஒரு நாள் காலையில் வெள்ளம் வந்துவிட்டது. நாரை பறந்து போய்ப் பார்த்து, எந்தக் குறியுள்ள வளைக்கு எந்தப் பக்கமாகப் போகலாம் என்று தன் இலைகளில் எழுதி வந்தது. எல்லாரையும் மேட்டுக்குத் தூக்கி வர யானை தயாராக நின்றது. அதற்கு ஆளும் தெரிய வேண்டும், வழியும் தெரிய வேண்டும் அல்லவா?

ஒரே குறியுள்ள இலைகளைச் சேர்த்து வைக்கும் வேலையை நரி எடுத்துக்கொண்டது. அதுவோ எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் பறக்கும். மளமளவென்று பத்து ஜோடி சேர்த்தது. அணிலின் இலை ஒன்று மட்டும் மிஞ்சியது. 'மூன்று கீறல் வளை: அழுங்கு, ஒரு குட்டி' என்று அதில் எழுதியிருந்தது. நாரையிடம் மூன்று கீறல் இலையே இல்லை. ஜோடி இல்லாதது கணக்கில் சேராது என்று நரி அதை வீசிவிட்டது.

பாவம் பிள்ளைகளே, உடம்பெல்லாம் செதிலுள்ள எறும்புத்தின்னியான அந்த அழுங்கு மகா கூச்சக்காரி. ஆபத்து வந்தால் சுருண்டுகொள்வாள், கத்திக் கூப்பிட மாட்டாள்.

பத்து வளைக்காரர்களும் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வேலை முடிந்தது என்று நரி யானையை அனுப்பப் பார்த்தது. அணில் ஓடிப்போய் அந்த இலையைப் பொறுக்கி வந்தது. அதன் பக்கத்தில் எழுதாத இலை ஒன்றை வைத்தது.

"நரியண்ணா, துணை இலை இல்லையென்றால் வழி தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அங்கே ஆளே இல்லை என்று அர்த்தமா?"

நாரை தலையைத் தொங்கப்போட்டது. "அந்தப் பக்கம் ஒரே மூங்கில் புதர். மேலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை" என்றது.

யானை அதற்குமேல் நிற்கவில்லை. தும்பிக்கையால் தடவித் தடவி மூங்கில் புதருக்குள் நுழைந்தது. வளை வாசல்வரை தண்ணீர் ஏறியிருந்தது. உள்ளே அழுங்கு தன் குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடந்தாள்.

மேட்டுக்கு வந்ததும் அவள் யானையை வணங்கினாள். பிறகு அணிலிடம் போனாள். அவளுக்குக் கண் கலங்கியது.

"என்னைக் காணாதபோதும் என் பெயரை வைத்திருந்தாயே, அணிலே. உன்னால்தான் என் குட்டி பிழைத்தது" என்றாள்.

நரி வெட்கத்தோடு குட்டிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது.

நீதி: துணை கிடைக்கவில்லை என்று ஒரு பெயரைத் தள்ளிவிடாதே, எதிரே வெற்றிடம் விட்டுத் தேடிப் போ.