மருதமடுவில் ஒரே சோதனை

மருதமடுக் காட்டில் காவல் வேலை மந்திகளிடம் இருந்தது. காட்டின் நடுவே ஆழமான மடு ஒன்று. அதன் கரையில் ஒரு பெரிய மருதமரம். அந்த மரத்தின் உச்சியில்தான் காவல் படைத் தலைவன் கருமுகன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். சிறுத்தை தலை தெரிந்தால் போதும், 'கொர் கொர்' என்று குரல் கொடுப்பான். கீழே மேய்கிற மான்களும் முயல்களும் ஓடித் தப்பிக்கும்.

சும்மா யார் காவல் காப்பார்கள்? காட்டின் பொதுக் களஞ்சியத்திலிருந்து படைக்குப் பழம் வந்தது. அந்தக் களஞ்சியத்தில் எல்லோருடைய பங்கும் இருந்தது. மான்கள் நெல்லிக்காய் போட்டன. முள்ளம்பன்றி கிழங்கு போட்டது. கரைச் சரளையில் குடியிருந்த மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவிகூடப் புல்லரிசி பொறுக்கி வந்து போட்டாள். களஞ்சியத்தைக் கவனித்தவள் யானையம்மா. முதல் கூடைப் பழத்தைக் கொடுத்தபோதே அவள் கருமுகனிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"இது எல்லோரும் போட்ட பங்கு. அதனால், காவல் காக்கத் தெரிந்தவர் யார் வந்து கேட்டாலும் படையில் இடம் கொடுக்க வேண்டும். சம்மதமா?"

"ஆகட்டும் அம்மா" என்றான் கருமுகன். அவன் கண் கூடையிலிருந்த பலாச்சுளை மேல் இருந்தது.

அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட முடியாது. வந்தவர்களை எல்லாம் அவன் சோதித்துப் பார்க்கத்தான் செய்தான். சோதனையும் சுலபமாகப் புரிகிற சோதனைதான். இந்தக் கரை மருதமரத்திலிருந்து அந்தக் கரை இலுப்பைமரத்துக்கு ஒரே தாவலில் போய்ச் சேர வேண்டும். மந்திக் குலத்தில் ஒருவன் பெரியவனாகிவிட்டான் என்பதற்கு அதுதான் அடையாளம். அவனுடைய அப்பன் தாவினான், தாத்தன் தாவினான். தாவத் தெரியாதவனுக்குக் காவல் காக்கத் தெரியும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

முள்ளம்பன்றி வந்தது. மரத்தை அண்ணாந்து பார்த்தது. வந்த வழியே போய்விட்டது. மான் ஒன்று தரையிலேயே ஒரு தாவு தாவிக் காட்டியது. மரத்துக்கு மரம் தாவ வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு மஞ்சக்காலி வந்தாள். விர்ரென்று பறந்து மடுவைத் தாண்டி, இலுப்பையின் அடியில் இறங்கினாள். ஆள்காட்டிக் குருவி மரத்தில் உட்காராது. அதன் கால் அப்படி. மந்திகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

"இறக்கை செல்லாது. மரத்திலும் உட்காரவில்லை. அடுத்து யார்?" என்றான் கருமுகன்.

"தலைவரே, நான் தரையிலேயே கிடக்கிறவள். கரையோரக் கோரைப்புல்லுக்குள் சிறுத்தை பதுங்கினால் எந்தத் தாள் அசையும் என்று எனக்குத் தெரியும். உச்சியில் இருக்கிற உங்களுக்கு அது தெரியாது. இந்தத் தாவலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லோருக்கும் ஒரே சோதனை. நாளைக்கு என் மகள் வந்தாலும் இதேதான். இதில் ஓரவஞ்சனை எங்கே வந்தது?"

 மஞ்சக்காலி தன் சரளைக்குத் திரும்பிப் போனாள். ஆனால் பிறவிக் குணம் போகுமா? கோரையில் ஏதாவது அசைந்தால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். மான்களும் அந்தச் சத்தத்துக்கு ஓடின. தப்பித்தும் கொண்டன.

படைக்கு மானம் போனது. பழம் தின்கிறவர்கள் மேலே தூங்க, பழம் கிடைக்காதவள் கீழே காவல் காக்கிறாள் என்று முயல்கள் காதுபடப் பேசின. கருமுகனுக்குச் சுருக்கென்றது. உடனே ஒரு கட்டளை போட்டான். காவல் படையின் குரலைத் தவிர வேறு எந்தக் குரலுக்கும் யாரும் ஓடக் கூடாது. ஓடினால் அவர்களுக்கு இனிமேல் காவல் கிடையாது.

காடு பயந்து அடங்கியது. கருமுகனுக்கு நெடுவாலி என்று ஒரே மகள். தாயில்லாக் குழந்தை, அவனுக்கு உயிர். அவளையும் மடியில் உட்கார வைத்து, அப்பா குரல் மட்டும்தான் குரல் என்று சொல்லிக் கொடுத்தான். அவளும் சமர்த்தாகத் தலையாட்டினாள்.

அந்தக் கோடையில் மடு பாதியாக வற்றியது. ஒருநாள் உச்சி வெயிலில் நெடுவாலி தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினாள். கருமுகன் உச்சாணிக் கிளையில் நின்று, சிறுத்தை வழக்கமாக வருகிற மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதை வெறிச்சோடிக் கிடந்தது.

அப்போதுதான் மஞ்சக்காலி கத்தினாள். முட்டை மேல் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, இறக்கையை அடித்துக்கொண்டு கத்தினாள்.

ஆரம்பித்துவிட்டாள் என்று கருமுகன் எரிச்சலோடு குனிந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கரையில் நெடுவாலி தலையை நிமிர்த்தியிருந்தாள். அவள் கோரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அப்பா குரல் கொடுக்கவில்லை. அப்படியென்றால் பயமில்லை. அவள் மறுபடி குனிந்து தண்ணீர் குடித்தாள்.

கோரை பிளந்தது.

கருமுகன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. காடு முழுவதையும் எழுப்பிய குரல் அது.  சிறுத்தை பாய்ந்ததை அவன் கண்ணால் பார்த்தான், பார்க்க மட்டுமே முடிந்தது.

சிறுத்தையின் முகத்தில் மஞ்சக்காலி போய் மோதினாள். கண்ணைப் பார்த்துக் கொத்தினாள். சிறுத்தை தலையை உதற, குறி தப்பியது. கழுத்துக்கு வந்த பல் வாலில் விழுந்தது. நெடுவாலி வீறிட்டபடி மரத்தில் ஏறினாள். அவளுடைய நீண்ட வால் சிறுத்தையின் வாயிலேயே நின்றுவிட்டது.

செய்தி கேட்டு யானையம்மா வந்தாள். ரத்தம் கட்டிப்போன அந்தக் குட்டியைத் துதிக்கையால் தடவிக்கொண்டே, குருவி கத்தியது காதில் விழவில்லையா என்று கேட்டாள்.

"விழுந்தது பாட்டி. ஆனா அது அப்பா குரல் இல்லையே!" என்றாள் நெடுவாலி.

யானையம்மாவின் துதிக்கை நின்றுவிட்டது. நடந்ததை எல்லாம் ஒவ்வொருவராகச் சொல்லக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது.

"அம்மா, நான் எல்லோருக்கும் ஒரே சோதனைதான் வைத்தேன்" என்றான் கருமுகன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"நான் பழம் கொடுத்தது காவலுக்கு. தாவலுக்கு நான் எப்போது கொடுத்தேன்? மந்தியால் மட்டும் முடிகிற ஒன்றை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டு, ஒரே சோதனை என்கிறாயே! உள்ளே விடாதவர்களின் பங்கையும் சேர்த்துத்தானே தின்றாய்? கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் வரை உன் படைக்குக் களஞ்சியத்திலிருந்து ஒரு பழம் கிடையாது."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கருமுகன் பித்துப் பிடித்தவன்போல உட்கார்ந்திருந்தான். வால் போன மகளை நெடுவாலி என்று பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு நாக்கு எழவில்லை.

புண் ஆறியது. பழம் இல்லாமல் படை காய்ந்தது. ஒருநாள் காலையில் நெடுவாலி படை கூடியிருந்த கிளைக்கு வந்து, தன்னையும் காவலில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். மந்திகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வாலில்லாத மந்தி மடுவைத் தாவ முடியாது. நடுவழியில் நிலை தடுமாறித் தண்ணீரில் விழும்.

துணைத்தலைவன் தொண்டையைச் செருமினான். "தலைவரே, எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே சோதனை. உங்கள் மகள் வந்தாலும் இதேதான் என்று நீங்களே சொன்னீர்கள்."

கருமுகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னுடைய சொற்கள்தான். வேறொருவன் வாயிலிருந்து வரும்போது அவை இப்படியா இருக்கும்?

நெடுவாலி அழவில்லை. "எனக்குத் தாவ வராது அப்பா. ஆனா கோரைக்குள்ள சிறுத்தை இருந்தா எந்தத் தாள் அசையும்னு எனக்குத் தெரியும். நான் பக்கத்துல பார்த்திருக்கேன்" என்றாள்.

இதை அவன் முன்பே கேட்டிருக்கிறான். அன்றைக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கருமுகன் மரத்தைவிட்டு இறங்கினான். படையே பார்க்கத் தரையில் நடந்து சரளைக்குப் போனான். சிறுத்தையின் கால் பட்டு மஞ்சக்காலியின் முட்டைகளில் ஒன்று உடைந்து கிடந்தது. மற்றவற்றின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் கைகூப்பினான்.

"என் பிள்ளையைக் காப்பாற்றினாய். நான் உன் வாயை அடைத்தேன். படைக்கு வா."

"உங்கள் பிள்ளை என்று பார்த்து நான் கத்தவில்லை" என்றாள் மஞ்சக்காலி. "குஞ்சு பொரிந்ததும் வருகிறேன். ஆனால் மரத்தில் ஏறமாட்டேன்."

"ஏற வேண்டாம்."

தாவல் சோதனை அன்றோடு ஒழிந்தது. கட்டளையும் ஒழிந்தது. மோப்பத்துக்கு மான் வந்தது. இருட்டில் உலவுகிற முள்ளம்பன்றி இரவுக் காவலுக்கு வந்தது. யானையம்மா ஒவ்வொருவரும் செய்கிற வேலையை நேரில் வந்து பார்த்த பிறகுதான் களஞ்சியத்தைத் திறந்தாள். கோரையோரம் மஞ்சக்காலியின் பக்கத்தில் நெடுவாலிக்கு இடம் கிடைத்தது.

இப்போதும் சரளையிலிருந்து அந்தக் குரல் எழுந்தால், காட்டில் முதலில் துள்ளி எழுகிறவன் கருமுகன்தான். எழுந்தவன், மகள் எங்கே என்று ஒரு கணம் திகைத்துத் தேடுவான்.

எல்லோருடைய பங்கையும் வாங்கி நடத்துகிற வேலையில், அதைச் செய்யத் தெரிந்த ஒருவருக்குக் கதவை அடைப்பவர், தமக்கே வரப்போகும் உதவியையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்துகிறார்.