சுமைதாங்கிக்கு ஒரு வரி

பூவலிங்கக் கவிராயர் உலகம்மையிடம் பாட்டுக் கட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஆசிரியையைவிட மாணவருக்கு வயது கூடுதல். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கவிராயரின் மனைவி கோமு, வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனாள். அப்படி இறந்தவள் பெயரால் சாலையோரம் சுமைதாங்கி நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆள் உயரத்தில் இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர்கள் அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறுவார்கள்.

விடிந்தால் கோமுவுக்குக் கல் நடவேண்டும். குறுக்குக் கல்லில் கவிராயரின் பாட்டுத்தான் இருக்கவேண்டும் என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். கல்தச்சர் கல்லை அளந்து பார்த்தார். ஒரு வரிதான் கொள்ளும் என்றார்.

கவிராயருக்கு ஆத்திரம் வந்தது. நேராக உலகம்மையிடம் போனார்.

"நாப்பது பாட்டு எழுதி வச்சிருக்கேன். ஒரு வரிக்குத்தான் இடமாம். அவளுக்கு இவ்வளவுதானா மரியாதை? பெரிய கல்லா வேணும்மா. நீங்க சொன்னா தச்சர் கேப்பாரு."

"பாட்டைப் படியும், கேப்போம்."

படித்தார். கவிராயருக்குத் துக்கம் வந்தால் முதலில் நிலா வரும், கடல் பின்னாலேயே வரும். நாற்பதிலும் வந்தன. துக்கம் பொய்யில்லை. அழுதுகொண்டேதான் படித்தார். கோமுவின் பெயர் கடைசி அடியில் வந்தது; கோமுவை மட்டும் எங்கும் காணோம்.

உலகம்மை பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"சந்தைச் சாலையில பழைய சுமைதாங்கி ஒண்ணு இருக்குல்லா, அங்க போய் நின்னு பாடும். சுமை இறக்குறவங்கள்ல ஒருத்தராவது ஒரு பாட்டை முழுசாக் கேட்டா, பெரிய கல்லுக்கு நானே சொல்லுதேன்."

"இவ்வளவுதானே?" என்று கிளம்பினார் கவிராயர்.

அன்று சந்தை நாள். பூசணிக்காய்க் கூடையோடு வந்த ஒருவர் சுமையை இறக்கி, துண்டால் கழுத்தைத் துடைத்தார். கவிராயர் தொடங்கினார். பாட்டில் நிலா உதிக்குமுன் வந்தவர் கூடையைத் தூக்கிவிட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, சாமி. சந்தை கலைஞ்சிரும்லா."

பானைக்காரர் காது கொடுக்கவே இல்லை. உப்பு மூட்டைக்காரர், "யாரு செத்தது?" என்று கேட்டார். அது பாட்டின் கடைசி அடியில் இருந்தது. மனிதர் நடுவிலேயே போய்விட்டார்.

வெயில் ஏறியது. கவிராயர் விடுவதாக இல்லை. சுமைதாங்கியின் மேல் யாரோ இறக்கிவைத்த வாழைத்தார்கள் நிறைந்து கிடந்தன. அப்போது விறகுக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். கட்டை வைக்க இடமில்லை. அவள் கழுத்து நடுங்கியது.

"ஐயா, ஒரு கை பிடிங்க."

"இரு தாயி, இந்த அடி முடியட்டும்."

சொன்ன வாயோடு அப்படியே நின்றுவிட்டார்.

இதையேதான் வீட்டிலும் சொல்வார். கோமு தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நிற்பாள். "ஒரு கை பிடிங்க" என்பாள். "இரு, இந்த அடி முடியட்டும்" என்பார். பல நாள் அடி முடிவதற்குள் அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து இறக்கிவிடுவாள். அதை ஒரு குறையாக அவள் சொன்னதும் இல்லை.

கவிராயர் பாட்டு எழுதிய ஓலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் விறகைப் பிடித்தார். வெட்கத்தில் அந்தப் பெண்ணின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பாடவில்லை. அவள் கிளம்பும்போது கட்டைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் தச்சர் உளியோடு காத்திருந்தார். உலகம்மையும் அங்கே இருந்தார். கவிராயர் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கோமு வாசலில் நின்றதையும் சொன்னார். பிறகு தச்சரிடம் வரியைச் சொன்னார்.

"யாரையும் கூப்பிட வேண்டாம் தாயி, இங்கே இறக்கு."

தச்சர் கல்லில் விரலை ஓட்டிப் பார்த்தார். "இது போக இன்னும் இடம் இருக்கே" என்றார்.

கவிராயர் தடுமாறினார். உலகம்மையிடம் திரும்பினார்.

"நாப்பது பாட்டு எழுதினவன் நான். இந்த ஒத்தை வரி அவளுக்குப் போதுமாம்மா?"

உலகம்மை கேட்டார்:

"அவ உம்மை எத்தனை சொல்லுல கூப்பிட்டா?"