மூடி வைத்த கால்

"சாமி, ஊரே கூடியிருக்கு. எங்க அப்பா மட்டும் என் மானத்தை வாங்குறார்" என்றார் தணிகாசலம்.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஊரில் உள்ள வயதானவர்களையெல்லாம் மடத்துக்கு வரவழைத்து, வரிசையாக நாற்காலி போட்டு, பாத பூஜைக்கு ஏற்பாடு செய்தவரே அவர்தான். மைக் செட், மாலை, பால், பன்னீர், எதிலும் குறை வைக்கவில்லை. பெற்றவர் காலைக் கழுவப் பிள்ளைகள் தாம்பாளத்தோடு நிற்க, முதல் நாற்காலியில் இருந்த அவருடைய அப்பா சிங்காரம் வலது காலைத் துண்டால் மூடிக்கொண்டு, நீட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"ஏனாம்?" என்றார் மடத்துச் சாமி.

"வயசானா புத்தி கெட்டுப் போகும்ல சாமி. வேறென்ன?"

சாமி எழுந்துபோய்க் கிழவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் பாக்கலாமா, ஐயா?"

சிங்காரம் மகனை ஒருமுறை முறைத்தார். பிறகு துண்டை எடுத்தார்.

பெருவிரல் கறுத்திருந்தது. அதன் அடியில் புண். பன்னீரையும் சந்தனத்தையும் மீறி வாடை அடித்தது.

"சர்க்கரை இருக்கா?"

"ரொம்ப வருஷமா."

"வலிக்குதா?"

"வலிச்சாத்தான் தேவலையே. மரத்துப்போச்சு."

சாமி குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"தணிகாசலம்! இந்தக் காலை எப்பப் பாத்தே?"

"போன வெள்ளிக்கிழமைகூட விழுந்து கும்பிட்டேனே சாமி. வாராவாரம்..."

"கும்பிட்டதை யார் கேட்டா? பாத்தியா?"

விழும்போது கண்ணை மூடிக்கொள்வது தணிகாசலத்தின் வழக்கம். பக்தி என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். அந்தப் பக்தியின் மேல் இப்போது அவருக்கே ஆத்திரம் வந்தது.

"வண்டியை எடு. நேரா ஆஸ்பத்திரி. போறது விரலா காலான்னு டாக்டர்தான் சொல்லணும்" என்றார் சாமி.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் தணிகாசலம்.

"எப்படா சொல்ல?" கிழவர் வெடித்தார். "வந்ததும் குப்புற விழுவே. எழுந்து, ஆசீர்வாதம் பண்ணுங்கம்பே. நான் பண்ணி முடிக்கிறதுக்குள்ள கடைக்குக் கிளம்பிடுவே."

யாரோ மைக் செட்டை நிறுத்தினார்கள்.

அடுத்த நாற்காலியில் இருந்த மரகதம்மாள், சேலைக்குள் இழுத்து வைத்திருந்த காலை மெல்ல வெளியே நீட்டினாள்.

"சாமி, இதையும் கொஞ்சம் பாருங்க."

சாமி பார்க்கவில்லை. பால் தாம்பாளத்தோடு விழித்துக்கொண்டு நின்ற அவள் மகனைத்தான் பார்த்தார்.

"தட்டைக் கீழ வைடா. உக்காரு."