கலங்கலை நீக்கிய மணியக்காரர்

ஒரு காலத்திலே ஒரு ஊரிலே ஒரு பெரிய ஏரி இருந்தது. ஊர் முழுக்க அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடித்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒருத்தி இருந்தாள், பெயர் காத்தாயி. என்ன வேலை தெரியுமா? சுண்ணாம்பு பூசிய ஒரு மண் தட்டு, அதிலே ஒரு கயிறு, கயிற்றிலே சாணுக்கு ஒரு முடிச்சு. விடிந்ததும் துறையிலே இறங்கித் தட்டைத் தண்ணீருக்குள் விடுவாள். வெள்ளைத் தட்டு இறங்க இறங்க மங்கும், மங்கி மங்கிக் கண்ணுக்கு மறையும். மறைகிற இடத்திலே எத்தனை முடிச்சு என்று எண்ணி, கரையேறிச் சத்தமாகச் சொல்வாள். ஆறு முடிச்சு என்றால் பெண்கள் குடத்தை முக்குவார்கள். மூன்றுக்குக் கீழே என்றால் தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டுத் தெளிய வைத்து, கொதிக்க வைத்து, அப்புறம்தான் குடிக்கலாம். சின்ன வேலைதான். ஆனால் ஒரு நாளும் விட முடியாத வேலை.

அந்த ஊர் மணியக்காரர் எத்திராசு. ராசாவின் ஓலை வந்தால் படித்துச் சொல்ல ஊரில் அவர் ஒருவர்தான். அவருக்கு மாடி வீடு கட்ட ஆசை வந்தது. செங்கல்லுக்கு மண் வேண்டுமே? ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலின் கரையை வெட்டினார், வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார். மழை பெய்தால் வெட்டிய கரை கரைந்து ஏரிக்குள் போகும். முதல் வருஷம் தட்டு ஐந்து முடிச்சில் மறைந்தது. அடுத்த வருஷம் நாலு. மூன்றாம் வருஷம் இரண்டு.

"இரண்டு முடிச்சு, கொதிக்க வையுங்க," என்று காத்தாயி தினமும் சொன்னாள்.

"எத்தனை நாளைக்கு அக்கா கொதிக்க வைக்கிறது? விறகுக்கு உன் கயித்தையா எரிக்கிறது?" என்றார்கள் பெண்கள். அவர்களும் பாவம், அலுத்துப் போனார்கள். அப்படியே குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. கீழத் தெருவில் இரண்டு பிள்ளை போய், இரண்டு தொட்டிலை அவிழ்த்துவிட்டார்கள். காத்தாயியின் மகள் வெள்ளாச்சிக்கு ஒரே கைக்குழந்தை, அதற்கும் வயிறு போய்க் கண் உள்ளே போயிற்று. இனிப் பொறுக்க முடியாது என்று காத்தாயி தட்டையும் கயிற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு நடந்தாள், நடந்தாள், நடந்து அரண்மனைக்குப் போய், கரை மண் கரைந்து ஏரி கலங்குவதைச் சொன்னாள்.

ராசா அன்றைக்கு நாற்பது வழக்குக் கேட்டுக் களைத்திருந்தார். "தண்ணி கலங்கினால் கண்ணுக்கே தெரியுமே, அதற்கு எதற்குக் கயிறு?" என்று கேட்டார்.

"கண்ணு பழகிடும் சாமி. நேத்து இருந்ததைவிட இன்னிக்குக் கொஞ்சம் மங்கல், அதைவிட நாளைக்குக் கொஞ்சம், எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். கயிறு பழகாது."

"மண்தானே? கொஞ்சம் மண் உள்ளே போனால் என்ன?"

"மண்ணு தனியா வராது சாமி. கரையிலே கிடக்கிற சாணி, செத்தது, அழுகினது, நோவு எல்லாம் மண்ணோட ஒட்டிக்கிட்டு வரும். தட்டு தெரியலைன்னா அதுக்குள்ளே வேற என்ன இருக்குன்னும் தெரியாதுங்களே."

ராசா தலையை ஆட்டினார். ஓலைக்காரரைப் பார்த்து, "கலங்கலை நீக்கச் சொல்லி எழுது," என்றார். ஓலைக்காரரும் களைத்திருந்தார். "ஏரிக் கலங்கலை உடனே நீக்குக" என்று எழுதி முடித்துவிட்டார்.

இங்கேதான் கோளாறு, கேளுங்கள். தண்ணீர் கலங்கியிருந்தாலும் கலங்கல்தான். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கல்லால் கட்டியிருப்பார்களே, அதற்கும் கலங்கல் என்றுதான் பெயர். ஓலையைப் பிரித்த எத்திராசுக்குக் கல்லால் கட்டின கலங்கல்தான் ஞாபகம் வந்தது. அதிலே நல்ல செதுக்கின கருங்கல், மாடி வீட்டுக்குப் படிக்கட்டாகும்.

"ராசா உத்தரவு. கலங்கலை உடைக்கணும்," என்றார் எத்திராசு.

"ராசா சொன்னது தண்ணிக் கலங்கல் சாமி," என்றாள் காத்தாயி.

"நீ படிச்சியா?"

"நான் பக்கத்திலே நின்னு கேட்டேன்."

"கேட்டவ பேச்சுக்கு எழுத்தை மாத்தச் சொல்றியா? போடி, போய்த் தட்டைக் கழுவு."

முதல் கல்லைப் பெயர்க்கும்போது, வேண்டாம் என்றாள். நடுக் கல்லைப் பெயர்க்கும்போது, வேண்டாம் என்றாள். அடிக் கல்லைப் பெயர்க்கும்போது கையை மட்டும் ஆட்டினாள். எத்திராசின் ஆட்கள் பெயர்த்துவிட்டார்கள். ஏரித் தண்ணீர் இரண்டு நாள் ஓடிற்று, மூன்றாம் நாள் ஏரியில் இடுப்பளவு சேறுதான் இருந்தது. அந்தச் சேறும் வாய்க்கால் கரையின் செம்மண்தான், எல்லாரும் பார்த்தார்கள்.

சேதி கேட்டு ராசா வந்தார். சேற்றைப் பார்த்தார், வெட்டின கரையைப் பார்த்தார், எத்திராசு வீட்டு வாசலில் அடுக்கியிருந்த கருங்கல்லைப் பார்த்தார்.

"ஓலையிலே இருந்தபடிதான் செய்தேன் மகாராசா," என்றார் எத்திராசு.

"என் ஓலையிலும் தப்பு இருக்கிறது," என்றார் ராசா. "அதனால் தலையை எடுக்கவில்லை. கல்லைத் திருப்பி வைத்துக் கட்டு, வெட்டின கரையை அடை. ஏரி மறுபடி நிறைகிற வரைக்கும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீதான் காவடியில் தண்ணீர் சுமக்க வேண்டும். நல்ல தண்ணீரா என்று காத்தாயி சொல்வாள். இந்தத் தடவை விளங்கச் சொன்னேனா?"

ஆறு ரொம்பத் தூரம். எத்திராசு பாதி வழியிலேயே ஒரு குட்டையைப் பார்த்து, இரண்டு குடத்தையும் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். காத்தாயி கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தட்டைக் குடத்தின் அடியில் போட்டுக் குனிந்து பார்த்தாள்.

"தட்டு தெரியலையே மணியக்காரரே. போயிட்டு வாங்க."

இரண்டாம் தடவை ஆற்றுக்குப் போனார், ஆனால் ஊற்றைத் தோண்டி அது தெளியும் வரை உட்காரப் பொறுமை இல்லை. "விளிம்பு மட்டும் தெரியுது. போயிட்டு வாங்க," என்றாள்.

"இத்தனை நாளா ஊருக்குத் தண்ணி காட்டினாரு, இப்பத்தான் தண்ணி சுமக்கிறாரு," என்று கீழத் தெருப் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. இரண்டு தொட்டில் போன தெரு அது.

மூன்றாம் தடவை பொழுது சாய வந்தார். தோள் தோலுரிந்திருந்தது. குடத்தின் அடியில் தட்டு நிலாவைப்போல வெள்ளையாகத் தெரிந்தது. காத்தாயி குடத்தை வாங்கிக்கொண்டாள். அதையும் காய்ச்சி, ஆற்றி, கஞ்சித்தண்ணியாக்கிச் சங்கிலே ஊற்றி வெள்ளாச்சியின் குழந்தைக்குப் புகட்டினாள். மூன்று நாள் அப்படியே புகட்ட, நாலாம் நாள் குழந்தை பசித்து அழுதது. வெள்ளாச்சி அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஏரி நிறைய இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதுவரைக்கும் எத்திராசு சுமந்தார், காத்தாயி குனிந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் முதுகு போயிற்று.

அவ்வளவுதான் கதை. சொல்லிச் சொல்லி என் வாய் வறண்டுவிட்டது, கேட்டுக் கேட்டு உங்களுக்கும் தாகமாயிருக்கும். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். குடிக்கும் முன்னால் ஒரு தரம் செம்புக்குள்ளே பாருங்கள்.