சென்சாருக்கு ஒரு சைகை

தென்காசிப் பக்கம் ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சாம். அந்தப் பள்ளிக்கூடத்துல மணியே அடிக்க மாட்டாங்க. ஏன் தெரியுமா? அங்க படிக்கிற பிள்ளைங்க யாருக்கும் காது கேக்காது. மணிக்குப் பதிலா லைட்டு மினுக் மினுக்னு மினுங்கும். பேச்செல்லாம் கையாலதான். சண்டையும் கையாலதான். அடிச்சுக்கிறது இல்லடா, திட்டிக்கிறது!

அங்க ஒன்பதாம் வகுப்புல இசக்கின்னு ஒருத்தி. ஆளு ஒட்டடைக்கம்பு மாதிரி இருப்பா, கை மட்டும் மின்னல். அவளுக்கு ரெஜினான்னு ஒரு கூட்டாளி. ரெண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவங்க மாதிரிதான் திரிவாங்க.

அப்போ ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி வந்துச்சு. உள்ள சக்கரம், வயரு, மோட்டார், கம்ப்யூட்டர் மூளை வச்ச ஒரு சின்னப் பலகை. எல்லாத்தையும் சேத்து மாட்டினா ரோபோ! ஆனா பெட்டி இரவல். ரோபோப் போட்டி ஒண்ணு வருது. அதுல அந்த ரோபோ ஒரு தடவையாவது எதுலயும் முட்டாம கடைசிக் கோட்டைத் தாண்டணும். தாண்டலைன்னா பெட்டி வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிரும். ம் சொல்லு.

"ம்."

ஜெபமணி டீச்சர் பெட்டியோட வந்த புத்தகத்தைப் பிரிச்சாங்க. சைகையில பிள்ளைங்களோட கதையே பேசுவாங்க அந்த டீச்சர். ஆனா 'மோட்டார்'னு வந்ததும் கை நின்னு போச்சு. அந்த வார்த்தைக்கு அவங்களுக்குச் சைகை தெரியல. அப்புறம் என்ன பண்றது? ஒவ்வொரு எழுத்தா விரல்ல காட்டினாங்க. கடைசி எழுத்து வர்றதுக்குள்ள முதல் எழுத்து மறந்து போகுது. பிள்ளைங்க கொட்டாவி விட்டாங்க. ஒரு வாரம் இப்படியே போச்சு.

இசக்கிக்குத் தாங்கல. இப்படியே போனா பெட்டி போயிருமே! நேரா போய் மோட்டாரை எடுத்து உள்ளங்கையில வச்சு ஓட விட்டா. கிர்ர்ர்ர்! அவளுக்குச் சத்தம் கேக்காது, ஆனா முழங்கை வரைக்கும் கிச்சுகிச்சு மூட்டுது. சிரிச்சுட்டா. அப்புறம் ஒரு கையை விரிச்சு, அதுமேல இன்னொரு கையை முஷ்டியா மூடி வச்சுத் திருகிக் காமிச்சா. "டீச்சர், இதான் மோட்டார்." டீச்சர் உடனே நோட்டுல வரைஞ்சுக்கிட்டாங்க.

அடுத்து சென்சார். ரெஜினா, "அது ரோபோவோட கண்ணு. கண்ணைத் தொட்டாப் போதாதா?"ன்னு கேட்டா. இசக்கி இல்லைன்னு தலையை ஆட்டிட்டா. "நம்ம கண்ணு சும்மா பாக்கும். இது வெளிச்சத்தை அனுப்புது. எதிர்ல ஏதாச்சும் இருந்தா அந்த வெளிச்சம் பட்டுத் திரும்பி வருது. அப்போதான் இதுக்குத் தெரியுது." அதனால ரெண்டு விரலை நெத்தியில இருந்து முன்னால அனுப்பி, திரும்ப நெஞ்சுக்கு இழுத்தா. சர்ர்னு போய், டப்னு வருது. அது சென்சார்!

அப்புறம் ரோபோவுக்குப் புரோகிராம் எழுதினாங்க. புரோகிராம்னா, நீ இதைச் செய், அதைச் செய்னு அதுக்கு எழுதிக் குடுக்கிறது. 'முன்னால பாரு. ஏதாச்சும் இருந்தா திரும்பு. இல்லைன்னா போ.' ரோபோ ஒரு தடவை பாத்துச்சு, ஒண்ணும் இல்ல, கிளம்பிருச்சு. போச்சு போச்சு, சுவத்துல போய் டமால்!

"ஏன்?"

ஒரே ஒரு தடவைதானே பாருன்னு சொன்னாங்க? திரும்பத் திரும்பப் பாருன்னு சொல்லலையே. அப்படித் திரும்பத் திரும்பச் செய்யறதுக்கு லூப்னு பேரு. அதுக்கு என்ன சைகை? இசக்கி யோசிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனா. அங்க அவ அம்மா பீடி சுத்திக்கிட்டு இருந்தாங்க. இலையில தூளை வை, உருட்டு, கட்டு. வை, உருட்டு, கட்டு. தட்டுல தூள் தீர்ற வரைக்கும் அதேதான். இசக்கி அம்மா கையையே பாத்தா. மறுநாள் கட்டைவிரலால ஆள்காட்டி விரலை உருட்டி உருட்டிக் காமிச்சா. பாதிப் பிள்ளைங்க வீட்டுல பீடிதான் தொழில். ஒருத்தருக்கும் விளக்கம் தேவைப்படல. புரோகிராம்லயும் லூப்பைச் சேத்துட்டாங்க.

தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அப்போ போட்டி நாளும் வந்துச்சு. பெரிய மண்டபம், எக்கச்சக்கக் கூட்டம். மைக்கு கத்துது, பிள்ளைங்க கத்துறாங்க, குய்யோ முறையோன்னு ஒரே இரைச்சல். ஒவ்வொரு குழுவிலயும் ஒருத்தர் ஆரம்பக் கோட்டுல நிக்கணும், இன்னொருத்தர் அந்தக் கடைசியில நிக்கணும். இசக்கி இங்க, ரெஜினா அங்க. மூணு வாய்ப்பு.

முதல் வாய்ப்பு. இசக்கி பட்டனை அமுக்கினா. ரோபோ நின்ன இடத்துலயே பம்பரம் மாதிரி கிறுகிறுன்னு சுத்துது! ஒரு மோட்டாரோட வயர் மாறிக் கிடந்துச்சு. மாத்தி மாட்டினா.

ரெண்டாவது வாய்ப்பு. கிர்ர்ர்னு நல்லாத்தான் போச்சு. பாதி தூரத்துல தடுமாறி இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு திரும்புது. எதிர்ல ஒண்ணுமே இல்ல! பக்கத்துத் தடத்துல ஓடின ரோபோவும் அதே இடத்துல அப்படியேதான் முழிச்சுது. அதை ஓட விட்ட பையன் தன் கூட்டாளியைப் பாத்து "என்னாச்சுடா?"ன்னு தொண்டை கிழியக் கத்துறான். அவன் "ஆங்? கேக்கலடா!"ங்கிறான்.

இசக்கி ரெஜினாவைப் பாத்தா. அம்பதடி தூரம். ரெஜினா ரெண்டு விரலை நெத்தியில இருந்து அனுப்பி இழுத்தா. சென்சார். அப்புறம் ஜன்னலைக் காட்டினா. வெயில். அவ்வளவுதான்! ஜன்னல் வழியா வெயில் நேரா சென்சார்ல அடிக்குது. தான் அனுப்பின வெளிச்சந்தான் திரும்பி வந்துருச்சுன்னு ரோபோ ஏமாந்து போகுது. இசக்கி பெட்டிக்குள்ள கிடந்த ஒரு கறுப்புத் தாளைக் கிழிச்சுச் சுருட்டி, சென்சாருக்குக் குல்லா போட்டு விட்டா.

மூணாவது வாய்ப்பு. கிர்ர்ர்ர்... வெயில் வந்துச்சு. ரோபோ நிக்கல. தடுப்பு வந்துச்சு. பாத்துச்சு, திரும்புச்சு. மறுபடி பாத்துச்சு, திரும்புச்சு. நேரா போய் ரெஜினா கால்கிட்ட நின்னுச்சு! இசக்கி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுக் குதிச்சா பாரு, ஜெபமணி டீச்சருக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. அப்புறம் இசக்கி என்ன பண்ணா தெரியுமா? மீதித் தாளைப் பக்கத்துப் பையன் கையில குடுத்து, வெயிலைக் காட்டினா. அவன் ரோபோவும் ஓடிருச்சு.

கப்பு வேற யாருக்கோ போச்சு. பெட்டி இவங்களுக்கே நிலைச்சுது.

திரும்பி வர்ற பஸ்ஸுல டீச்சர் நோட்டைப் பிரிச்சு, அடுத்த வார்த்தையைக் கேக்கலாம்னு திரும்பினாங்க. 'பேட்டரி'ன்னு எழுதியிருந்துச்சு. பாத்தா இசக்கி வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறா. தூக்கத்துல அவ கை மெதுவா எந்திரிச்சு வயித்தை ரெண்டு தட்டுத் தட்டுச்சு.

டீச்சர் ரெஜினாகிட்ட, "பாவம், பிள்ளைக்குப் பசிக்குது போல"ன்னு கையால சொன்னாங்க.

ரெஜினா சிரிச்சா. "பசி இல்ல டீச்சர். அதான் பேட்டரி. எழுதிக்கோங்க."

கதை பஸ்ஸேறிப் போயிருச்சு, கண்ணு. நீயும் கண்ணை மூடு.